மணக்காத ஆசிட்டை வாங்காதீர்கள்: 35 கிலோ கேன் பற்றி ஒரு ரப்பர்க்காரியின் விமர்சனம்

மூடியை அரைத் திருகு திருகியதுமே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்குக்குள் ஊசி ஏறியது மாதிரி ஒரு காரம். இரண்டு அடி பின்னால் நகர்ந்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பாடா, அசல்தான்" என்றேன். பக்கத்தில் நின்ற, எங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அண்ணன் சிரித்துவிட்டார். ஆசிட் நாறுகிறதே என்று சந்தோஷப்படும் ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

எங்களுக்குக் குமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் ரப்பர். பால் வெட்டுகிற நிலையில் 270 மரம் நிற்கிறது. வீட்டுக்காரர் கத்தாரில். பால் வெட்டித் தருவதோடு அண்ணனின் வேலை முடிந்தது. அரிப்பது, உறைய வைப்பது, மெஷினில் ஷீட்டாக இழுப்பது, காயப் புகையில் போடுவது எல்லாம் என் பாடு. இந்த வேலைக்குத் தேவையான சாமான்களில் கத்தி, சிரட்டை, மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக் பற்றியெல்லாம் ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்வார்கள். பாலை உறைய வைக்கும் ஆசிட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. "ஒரு பாட்டில் ஆசிட்" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார், வாங்கிக்கொண்டு வருவோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது 85 சதவீத ஃபார்மிக் ஆசிட், 35 கிலோ பிளாஸ்டிக் கேன், கம்பெனி சீல் உடையாதது. நான் வாங்கிய அன்று கிலோ 105 ரூபாய், ஆக மொத்தம் 3,675 ரூபாய். இது ஒரு வீட்டுக்கான அளவு இல்லை. கணக்குப் பார்த்தேன்: இந்த ஆசிட் தண்ணீரைவிடக் கனம், லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோ. அப்படியானால் 35 கிலோ என்பது 29 லிட்டர். எனக்கு வருஷத்துக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான் ஆகும். தனியாக வாங்கியிருந்தால் கல்லூரியில் படிக்கிற என் மகளுக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை காணும். ஆகவே ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆளுக்கு 735 ரூபாய் போட்டு வாங்கினோம்.

இந்தக் கூட்டுக் கொள்முதலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வழக்கமாக நான் கடையில் லிட்டர் பாட்டிலாகத்தான் வாங்குவேன், 180 ரூபாய். ஒரு தடவை வேறொரு கடையில் அதே லிட்டர் 110 ரூபாய் என்றார்கள். பெயர் சொல்லப் போவதில்லை, ஊருக்குள் இருந்துகொண்டு அது முடியாது. லேபிள் கிடையாது. பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எடை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. திறந்து முகர்ந்தேன். லேசான வாடை, அவ்வளவுதான். "இது கொள்ளாமே, கண்ணும் எரியல, மூக்கும் எரியல" என்று பெருமையாகவே வாங்கி வந்தேன். (கொள்ளாம் என்றால் எங்கள் பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்று பொருள்.)

பாலும் நன்றாகத்தான் உறைந்தது. அண்ணன்தான் முதலில் சொன்னார்: "எக்கா, இந்த ஆசிட்டு மணக்கவே இல்ல, கேட்டியளா?" நான் காதில் வாங்கவில்லை. மூன்று வாரம் போனது. ஷீட்டுகள் வழக்கமாகக் காயும் நாட்களில் காயவில்லை. நாலாம் நாள் புகைப்புரையில் இருந்து எடுத்தால் நடுவில் இன்னும் வெள்ளைத் திட்டு தெரிந்தது. கை வைத்தால் பிசுபிசுப்பு. மெஷினின் ரோலரில் துருக்கோடு விழுந்தது. ஷீட் எடுக்கும் வியாபாரி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு தரம் குறைத்துப் போட்டார், கிலோவுக்கு எட்டு ரூபாய் போயிற்று. தொண்ணூறு கிலோவுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 70 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 720 ரூபாயைத் தொலைத்தேன்.

எங்கள் தெருவில் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் இருக்கிறார். மிச்ச ஆசிட்டில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீரில் கரைத்த பேரியம் குளோரைடில் இரண்டு சொட்டு விட்டதும் பால் மாதிரி வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்தது. "இதுல சல்ஃபூரிக் ஆசிட் கலந்திருக்குக்கா, சுத்த ஃபார்மிக்னா தெளிவாவே நிக்கும்" என்றார். சல்ஃபூரிக்குக்கு மணமே கிடையாது. அதுதான் அந்த "கொள்ளாமே"யின் ரகசியம். எடையும் காட்டிக் கொடுக்காது. சல்ஃபூரிக்கைத் தண்ணீர் விட்டு இளக்கினால் ஃபார்மிக்கின் எடைக்கே கொண்டுவந்துவிடலாம். சல்ஃபூரிக் பாலை உறைய வைக்கும், ஐயமில்லை. ஆனால் அது ஆவியாகிப் போகாது. ஷீட்டுக்குள்ளேயே தங்கி ரப்பரையும் கெடுக்கும், இரும்பையும் தின்னும். ஃபார்மிக் அப்படி இல்லை. அது கொதிப்பது கிட்டத்தட்ட தண்ணீர் கொதிக்கும் சூட்டில்தான், 100.8 டிகிரி. கழுவும்போது போனது போக, மிச்சம் மீதி காயும்போது தண்ணீரோடு சேர்ந்து பறந்துவிடும். மூக்கில் ஏறும் குணமும், ஷீட்டை விட்டுப் போகும் குணமும் ஒன்றுதான். மணக்காத ஆசிட்டை வாங்காதீர்கள் என்று தலைப்பில் போட்டது அதற்குத்தான்.

சரி, கேனுக்கு வருகிறேன்.

வேலையில் எப்படி? குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்கிற முறை இது. பாலை இரண்டு சல்லடையில் அரித்து, தண்ணீர் சேர்த்து, ஒரு அலுமினிய டிஷ்ஷுக்கு நாலு லிட்டர் வருகிற மாதிரி ஊற்றுவேன். அதில் அரைக் கிலோ காய்ந்த ரப்பர் இருக்கும், அதாவது ஒரு ஷீட். ஆசிட்டை நேராக ஊற்றக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 மில்லி என்று கலந்து வைத்துக்கொண்டு, டிஷ்ஷுக்கு 300 மில்லி விட்டு, மெதுவாகக் கலக்கி, மேலே வரும் நுரையை வழித்தெடுத்துவிட்டு மூடி வைத்தால் மறுநாள் காலை பஞ்சு மாதிரி, அதேசமயம் உறுதியான கட்டி. அன்றைக்கே மெஷினில் இழுக்க வேண்டுமானால் 400 மில்லி வரை போகலாம். முன்பு கடையில் வாங்கிய லிட்டர் பாட்டில்களில் ஒரு நாள் இளக்கம், ஒரு நாள் கல் என்று மாறி மாறி இருக்கும். இந்தக் கேனில் எட்டு மாதமாக ஒரே மாதிரி உறைகிறது. எனக்கு இதுதான் முக்கியம். ஷீட்டும் தேன் நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிற மாதிரி வருகிறது.

ஏன் உறைகிறது என்பதையும் அந்த டீச்சர்தான் சொன்னார். பாலில் மிதக்கிற ரப்பர்த் துளிகளின் மேல் புரதத்தோல் போர்த்தியிருக்கிறது. அதில் நெகட்டிவ் மின்னூட்டம் இருப்பதால் துளிகள் ஒன்றை ஒன்று விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆசிட் அந்த மின்னூட்டத்தைத் தணித்துவிடுகிறது, எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. பால் உறைந்துவிடாமல் இருக்க நாம் அமோனியா விடுகிறோமே, அது இதற்கு நேர் எதிர் வேலை. அமோனியா அதிகம் விட்ட நாளில் ஆசிட்டும் அதிகம் வேண்டும். மழை நாளில் அண்ணன் கை தாராளமாகிவிடும். அன்றைக்கு 300 மில்லி போதாமல் போனால் கேனைத் திட்டாதீர்கள்.

2020 ஊரடங்கில் கடை எதுவும் திறக்காதபோது சமையல் வினிகரை ஊற்றிப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆசிட்தானே, அசெட்டிக். உறைந்தது. ஆனால் ஃபார்மிக்கைவிட மெலிந்த அமிலம் என்பதால் இரு மடங்கு வேண்டும். கடை வினிகரில் நாலைந்து சதவீதம்தான் சரக்கு, மிச்சமெல்லாம் தண்ணீர். பதினெட்டு ஷீட்டுக்கு ஒரு லிட்டருக்கு மேல் காலி. வீடு முழுக்க ஊறுகாய் பரணி மணம். ஆபத்துக்குத்தான் ஆகும், அன்றாடத்துக்குக் கட்டாது.

இப்போது வாடை விஷயம். லீவுக்கு வந்தால் என் மகள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்வாள். "அம்மா, ஆசிட் நாத்தம்!" இல்லை மகளே. ஆசிட்டின் மணம் காரம், அது மூக்கில் குத்தும், மூடினால் போய்விடும். அவள் முகர்ந்தது பின்பக்கச் சாக்கில் கிடந்த ஒட்டுப்பாலின் நாற்றம். சிரட்டையிலும் பட்டையிலும் தானாகக் காய்ந்த பாலை உரித்துச் சேர்த்து வைப்போம் இல்லையா, அதில் கிருமிகள் புகுந்து புளிக்க வைக்கும்போது வேறு ஆசிட்டுகள் உண்டாகின்றன. ஒருவிதத்தில் எல்லாம் ஃபார்மிக்கின் சொந்தக்காரர்கள்தான்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரே ஒரு கார்பன் இருந்தால் ஃபார்மிக். இரண்டு என்றால் வினிகர். இதுவரை காரம்தான். நாலு கார்பன் ஆனால் பியூட்ரிக், கெட்டுப்போன வெண்ணெயின் வாடை. பெயரே லத்தீனில் வெண்ணெயிலிருந்து வந்தது. ஐந்து கார்பனில் ஐசோவலெரிக் என்று ஒன்று, நாள் முழுக்க ஷூ போட்டுக் கழற்றிய சாக்ஸ். ஒட்டுப்பால் சாக்கில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டம். ஆறு, எட்டு, பத்து என்று போனால் ஆட்டுக் கிடா வாடை. அவற்றின் பெயர்களும் ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவைதானாம். பன்னிரண்டுக்குப் போனால் லாரிக் ஆசிட். நம் தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி அதுதான், அநேகமாக மணமே இல்லை, எழுந்து பறக்க முடியாத அளவு கனத்துவிடுகிறது. இதைச் சொன்னதும் மகள் கேட்டாள்: "அப்ப ஒட்டுப்பாலைத் தேங்காயெண்ணெய் ஆக்கிடும்மா." படிக்க வைத்த பலன்.

ஆகவே, வீட்டைச் சுற்றி நாற்றம் என்றால் ஆசிட்டை மாற்றிப் பயனில்லை. ஒட்டுப்பாலை ஈரத்தோடு சாக்கில் கட்டாமல் காயவிடுங்கள், டிஷ்ஷில் வடியும் தண்ணீரை ஒரே இடத்தில் தேங்க விடாதீர்கள். எனக்குப் பாதிக்கு மேல் குறைந்தது.

ஃபார்மிக் என்ற பெயருக்கு எறும்பு என்று பொருள் என்பது பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். லத்தீனில் ஃபார்மிகா. 1671-ல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளை வாலையில் போட்டுக் காய்ச்சி இந்த ஆசிட்டை வடித்தெடுத்த விவரத்தை எழுதினார். எத்தனை ஆயிரம் எறும்பு என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது. எங்கள் பலா மரத்தில் முசுறுக் கூடு உண்டு. இலையைப் பின்னிக் கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சுவது இதே ஆசிட்தான். கூட்டைத் தட்டிவிட்டு முகத்தைக் கொண்டுபோனால் கேனைத் திறந்த அதே காரம் மெலிதாக வரும். நல்ல ஆசிட்டின் மணம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் முசுறுவிடம் கேட்டுக்கொள்ளலாம், இலவசம்.

ரப்பருக்கு மட்டும் அல்ல இந்தச் சாமான். தோல் பதனிடுகிறவர்களுக்கு வேண்டும், துணிக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு வேண்டும். குளிர் நாடுகளில் மாட்டுத் தீவனப் புல்லைக் குழியில் மூடிவைக்கும்போது கெடாமல் இருக்கத் தெளிக்கிறார்கள். ஐரோப்பாவில் தேனீ வளர்க்கிறவர்கள் கூட்டில் இதன் ஆவியைப் பரவவிட்டு உண்ணியைக் கொல்கிறார்கள். மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருக்கும் என் சித்தி மகனிடம் சொன்னேன். "நம்ம நாட்டு ஈ அந்த உண்ணியைத் தானே பாத்துக்கிடும், நீ உன் ஆசிட்டைப் பத்திரமா வையி" என்றான்.

பத்திரம் பற்றித்தான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதல் வாரமே பங்கு பிரிக்கும்போது ஒரு சொட்டு செருப்பு வாருக்கு மேல் என் காலில் விழுந்தது. ஒரே சொட்டு. ஓடிப்போய்க் குழாயைத் திறந்து கால் மணி நேரம் தண்ணீர் விட்டேன். அப்படியும் பழுப்பாகத் தோல் தடித்து, ஆற மூன்று வாரம் ஆனது, வடு இன்னும் இருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அன்றே ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வாங்கினேன். தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. இரும்பு வாளி ஆகாது. அடைத்த அறையில் திறக்கக் கூடாது. தீப்பிடிக்கிற குணமும் உண்டு, எனவே புகைப்புரைக்குப் பக்கத்தில் இடம் தேடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் திண்ணை மூலையில் குளிர்பானப் பாட்டிலில்தான் நிற்கிறது, அதன் பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இந்த ஆசிட் உடம்புக்குள் என்ன செய்யும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள் இல்லையா? மெத்தனால் உடம்புக்குள் போய் மாறுவது ஃபார்மிக் ஆசிட்டாகத்தான். கண்பார்வை நரம்பை அழிப்பது அதுதான்.

கேனின் குறைகள் என்று பார்த்தால், முதலாவது கனம். இரண்டு பேர் இல்லாமல் சாய்க்க முடியாது. குழாயும் வைத்துத் தரவில்லை. கடைசியில் கைப்பம்பு ஒன்று தனியாக வாங்க வேண்டிவந்தது, 250 ரூபாய். அந்தச் செலவை யார் ஏற்பது என்று ஐந்து வீட்டுக்குள் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுத வேண்டாம். இரண்டாவது, லேபிளில் எச்சரிக்கை எல்லாம் இங்கிலீஷிலும் இந்தியிலும். படம் போட்டிருக்கிறார்கள், சரி, ஆனால் தமிழிலோ மலையாளத்திலோ நாலு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? இதை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இருக்கிறார்கள்! மூன்றாவது குறையா நிறையா தெரியவில்லை: மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன வால்வு இருக்கிறது. இந்த ஆசிட் வைத்திருக்க வைத்திருக்க மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு விடும், இறுக்கி அடைத்தால் கேன் உப்பும். அதற்காகத்தான் அந்த வால்வு. ஆனால் கேன் வைத்த மூலையில் எப்போதும் லேசாக மணம் இருந்துகொண்டே இருக்கும். நாங்கள் காற்றோட்டமான ஓட்டுச் சாய்ப்பில், வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறோம், பூட்டுப் போட்டு.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரை நட்சத்திரத்தை அந்த லேபிளுக்காகக் குறைத்தேன். தனி வீடாக இருந்தால் வாங்காதீர்கள். நாலைந்து பேர் சேர முடியும் என்றால் வாங்குங்கள். சேர முடியாதவர்கள் கம்பெனி சீலோடு வரும் சின்ன பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள், கடையிலேயே திறந்து பாருங்கள், ஆனால் மூக்கைப் பாட்டில் வாயில் வைக்காமல் கையால் விசிறி முகருங்கள்.

அந்த 110 ரூபாய் பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. நிறையத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சுண்ணாம்பு போட்டுத் தணித்து, குழி வெட்டி ஊற்றினேன். காலிப் பாட்டிலைக் கடையில் கொண்டுபோய் வைத்து, டீச்சர் சொன்னதைச் சொன்னேன். கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்கதான மணம் கம்மியா இருக்குன்னு சிரிச்சிட்டே வாங்கிட்டுப் போனிய?" என்றார்.